தண்ணீர் போகிற வழி

ஹில்கேயின் தலையணை மறுபடியும் நனைந்திருந்தது. அவள் கணவர் ஃபோக்கோ அதை எடுத்துப் பிழியாத குறையாக அமுக்கிப் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லையே என்று வண்டியின் கதவுப் பக்கம் திரும்பினார். அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன, ஒழுகுச்சா?"

"ஒழுகல. லேசா ஈரம். பனியா இருக்கும்."

"ஜூன் மாசத்துல பனி! பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுய்யா. பேசினது பேசினதுதான். சாயங்காலம் பேக்கரிக்கார ஹாபோ வந்து பாக்கட்டும், பிடிச்சா ஓட்டிட்டுப் போகட்டும்."

அந்தப் பழைய வீட்டு வண்டிக்கு வாங்கிய அன்றே அவள் வைத்த பெயர் குண்டச்சி. படுக்கை, அடுப்பு, மேசை எல்லாவற்றையும் வயிற்றில் சுமந்துகொண்டு அது நார்வேவரை மூச்சிரைக்க ஏறி இறங்கியிருக்கிறது. போன குளிர்காலத்தில் ஹில்கேக்கு நெஞ்சில் சளி கட்டி, ஈரப் படுக்கையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை தலையணை நனைந்தால் விற்றுவிடுவது என்று அன்றைக்கே முடிவானது. ஃபோக்கோவும் தலையாட்டித் தொலைத்திருந்தார்.

வீட்டில் அவருடைய குறட்டைக்கு ஓர் அறை, அவளுடைய தையல் மிஷினுக்கும் தூக்கத்துக்கும் ஓர் அறை. கோபம் வந்தால் ஆளுக்கொரு டிவி. குண்டச்சிக்குள் அந்தப் பாச்சா பலிக்காது. முறைத்துக்கொண்டு போய் உட்கார இன்னொரு இடமில்லை. ஒருவர் தேநீர் வைத்தால் மற்றவர் காலை மடக்கியாக வேண்டும். படுத்ததும் அவள் ஐஸ் போன்ற பாதங்களைக் கொண்டுவந்து அவர் கெண்டைக்காலில் ஒட்டுவாள். அவர் அலறுவார், அவள் சிரிப்பாள். வண்டி போனால் அதுவும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. அவர்கள் ஊர்க் கடலோரத்து ஆண்கள் 'மொயின்' என்று வணக்கம் சொன்னாலே அன்றைய பேச்சில் பாதி தீர்ந்துவிடும். மனதில் இருப்பதைச் சொல்வதற்குப் பதில் அவர் ஓட்டை அடைக்கும் சிலிக்கான் பசையைப் பிதுக்கினார். ஒவ்வொரு மழைக்கும் ஒரு குழாய். கூரை விளிம்பு, விளக்கு, ஜன்னல் ஓரம் என்று கல்யாணக் கேக்கில் கிரீம் வைத்தது மாதிரி எங்கும் வெள்ளை.

"ஹாபோ வர்றதுக்குள்ள ஒரே ஒரு தடவை சோப்பு போட்டுப் பாத்துடலாம், ஹில்கே."

"பாரேன். நான் வேணான்னா விட்டுடவா போற?"

உள்ளே சொட்டுகிற இடம் ஒன்று, வெளியே நுழைகிற இடம் ஒன்று. நடுவில் தண்ணீர் மரச்சட்டத்தின் மேல் தன் இஷ்டத்துக்கு நடந்து போகும். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. அவர் கதவு, ஜன்னல், அடுப்புக் காற்றுத்துளை எல்லாவற்றையும் அடைத்து, கூரைத் திறப்பில் அட்டை வைத்து, தோட்டத்துச் சருகுகளை ஊதித் தள்ளும் மோட்டாரின் மூக்கை அதில் செருகினார். உள்ளே காற்று ஏறி வண்டி உப்பும்போது, எங்கே ஓட்டையோ அங்கே சோப்பு நீர் குமிழியிடும். வெளியே ஹில்கே வாளியும் பிரஷ்ஷுமாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள்.

ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் மோட்டாரை நிறுத்தி, அடைப்புகளை எடுத்துவிட்டு உள்ளே ஏறிக் கத்தினார்.

"பாத்தியா! நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி அடைச்சு வச்சிருக்கேன்!"

"அப்ப என் தலையணையில யாரு ஒண்ணுக்குப் போனா?"

எரிச்சலில் அவள் வாளியில் மிச்சமிருந்ததை அப்படியே படுக்கை ஜன்னலின் மேல் கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு சொட்டு தலையணையில் விழுந்தது. நுரையோடு. ஃபோக்கோ வெளியே ஓடிவந்தபோது அவள் ஜன்னலின் அடிச்சட்டத்தில் மூக்கை வைக்காத குறையாகக் குனிந்திருந்தாள். சட்டத்துப் பள்ளத்தில் தண்ணீர் குளம் கட்டி நின்றது.

"இங்க அடியில மூணு பொத்தல் இருந்துச்சே, எங்கய்யா?"

"போன வருசம் அடைச்சேன். அது வழியாத்தான் தண்ணி வருதுன்னு..."

"வர்ற வழி இல்ல மனுசா, அது போற வழி! பள்ளத்துல விழற மழை வெளிய போக வேணாமா? போக வழி இல்லாம என் தலையில எறங்கிருக்கு!"

மற்ற ஒழுக்குகளை அவர் ஒழுங்காகத்தான் அடைத்திருந்தார். கை சும்மா இருக்கவில்லை, நல்லதையும் சேர்த்து அடைத்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஹில்கே கொண்டையிலிருந்து ஊசியை உருவி மூன்றையும் குத்தித் திறந்தாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து அவர் காலுறையை நனைத்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தோட்டத்துக் குழாயை ஜன்னல்மேல் திறந்துவிட்டு இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கோப்பையில் போட்ட கற்கண்டு சூட்டில் வெடிக்க வெடிக்கத் தேநீர் ஊற்றி, மேலே பாலாடை விட்டு, அந்தச் சீமையின் முறைப்படி ஆளுக்கு மூன்று கோப்பை குடித்தார்கள். ஒரு சொட்டும் விழவில்லை. அந்நேரம் கதவு தட்டப்பட்டது. லேயர் நகரத்தில் பேக்கரி வைத்திருக்கும் ஹாபோ.

"மொயின். என்னண்ணே, வெளிய மழை பெய்யுது, வானம் வெளுத்துக் கெடக்கு?"

ஃபோக்கோ ஹில்கேயைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்குற? ஒழுக்கு நின்னுடுச்சு, என் நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அவன் வேலையை விட்டுட்டு வந்திருக்கான். விக்கிறியா இல்லியா, உன் வாயால சொல்லு."

அவர் கோப்பையைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். காது சிவந்தது.

"விக்கல. வீட்டுல... வீட்டுல நீ எனக்குக் கெடைக்கிறதே இல்ல, ஹில்கே."

ஹாபோ தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தை ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான். ஹில்கேயின் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"மன்னிச்சுக்க ஹாபோ, வண்டி விக்கிறதுக்கில்ல. உக்காந்து தேநீர் குடி." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீ போய் வீட்டைப் பூட்டிட்டு, என் போர்வையை எடுத்துட்டு வா. இன்னிக்கு இங்கதான் படுக்கிறோம்."