சிவந்த தூண்கள்

அமெரிக்காவில், கடல் போல் விரிந்த ஓர் ஏரியின் கரையில், கப்பலில் இரும்புத்தாது ஏற்றுவதற்கென்று கட்டிய பழைய துறை ஒன்று நின்றது. அதை நாகஜோதி நேரில் பார்த்ததில்லை. திண்டுக்கல் பழனி ரோட்டில், பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த வரைபட ஆபீஸில் உட்கார்ந்தபடி, புகைப்படங்களை வைத்தே அதன் தூண்களைக் கம்ப்யூட்டரில் வரைந்தாள். துறையை வைத்துக்கொள்வதா இடிப்பதா என்று அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போடப் போகிறார்கள். எந்தத் தூண் எவ்வளவு அரித்திருக்கிறது என்று அதற்குள் அவள் குறித்துக் கொடுக்க வேண்டும்.

வரைய வரைய அந்தத் துறைமேல் ஆசையே வந்துவிட்டது. பக்கத்து மேசை வாஜித்தை விடமாட்டாள்.

“மேல ரயில் வந்து நிக்கும் வாஜித். பெட்டிக்கு அடியில கதவு. தொறந்தா தாது கீழ தொட்டியில விழும். கப்பல் பக்கத்துல வந்ததும் சரிவுத் தகரத்தை இறக்கிவிட்டா, தன் பாரத்துலயே சரசரன்னு உள்ள போயிரும். தொட்டிகளோட இடைவெளிக்குத் தக்கனதான் கப்பலுக்கே வாசல் வச்சாங்க, தெரியுமா?”

“கரை சொன்னதைக் கப்பல் கேட்டுச்சாக்கும். எங்க வீடு மாதிரியே இருக்கு. டீக்கு வாறீங்களாக்கா, இல்ல நான் மட்டும் போகவா?”

படங்களில் தூண்கள் எல்லாமே செம்பழுப்பு. மனசு கேட்காவிட்டாலும் கண்ணில் பட்டதைத்தானே எழுத முடியும்? ‘கடும் துரு’ என்று குறித்து அனுப்பினாள். ஒரு தூணில் மட்டும் மழைக்குழாய் ஒழுகிய இடத்தில் சாம்பல் நிறப் பட்டை தெரிந்தது. புதுப் பெயின்ட் போலும் என்று விட்டுவிட்டாள்.

ஓட்டு இடிப்பதற்கே விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சித்தையன்கோட்டையில் அவள் வீட்டு நீலக் கேட் சிவந்து கிடந்தது. துருப்பிடித்துவிட்டதோ என்று ஈரத்துணியால் துடைத்தாள். செம்மண் லாரிகள் கிளப்பிய புழுதி துணியோடு வர, அடியில் பெயின்ட் கீறல் இல்லாமல் பளபளத்தது. துடைத்த கை அப்படியே நின்றது. அந்தத் தாதுவும் துருவும் ஏறக்குறைய ஒரே பொருள்தான், இரும்போடு ஆக்ஸிஜன் சேர்ந்தது. நிறமும் ஒன்றுதான். காலமெல்லாம் தாது கொட்டிய இடத்தில் தூண் வேறெந்த நிறத்தில் இருக்கும்? குழாய்த் தண்ணீர் ஒரு தூணைக் கழுவிக் காட்டியிருக்கிறது. அவள்தான் பார்க்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் திருத்தம் அனுப்பினாள். நன்றி, இடிக்கும் வேலை தொடங்கிவிட்டது என்று பதில் வந்தது. கூடவே ஒரு படம். அறுத்துச் சாய்த்த தூணின் வெட்டுமுகம் வெள்ளியாக மின்னியது. துறை கட்டியபோது போட்ட வரைபடத்தில் இருந்த தடிமன் குறையாமல் அப்படியே இருந்தது.

வாஜித் அன்று டீக்குக் கூப்பிடவில்லை. கிளாஸை மேலேயே கொண்டுவந்து வைத்தான்.

“அங்க இருக்கிறவங்களுக்கே தெரியலயேக்கா.”

“அவங்க என் வரைபடத்தைல்ல பாத்தாங்க” என்றாள். “ஈரத்துணியால ஒரு தூணைத் துடைச்சுப் படம் எடுத்து அனுப்புங்கன்னு கேட்டிருக்கணும், வாஜித். அம்புட்டுத்தான்.”