அக்கா பார்க்காத பதினோரு நாட்கள்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. திருடியவன் நான். பறிகொடுத்தவள் என் அக்கா. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் ஒரு வசதி உண்டு: இனி நான் சொல்வதையெல்லாம் நீங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பீர்கள். அப்படிப் படிக்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும்.

முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன். “மாலை வெயில் ஜன்னல் வழியே சோபாவில் சாய்ந்தபோது, தனிமையில் வாடிய அந்தப் பெண்...”

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“யார்ரா வாடினது? அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது. அதுல எங்கடா வெயில் வரும்?”

அந்த வரியை அடித்துவிட்டேன். வெயிலும் போயிற்று, வாட்டமும் போயிற்று. அக்கா மட்டும் மிச்சம்.

2

அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். மூக்குக் கண்ணாடி. பதினாறு வருடமாக* மற்றவர்களின் கண்ணை அளந்து, பிரேமை வளைத்து நிமிர்த்தி, காதில் மாட்டி, “இப்ப தெரியுதா?” என்று கேட்பது அவள் தொழில். நான் ஒரு தினசரி சீரியலுக்கு வசனம் எழுதும் மூவரில் மூன்றாமவன். பெயர்ப் பட்டியலில் என் பெயர் கண்ணிமைக்கும் நேரம் வந்துபோகும். கண் இமைக்காமல் பார்ப்பவள் அக்கா ஒருத்திதான்.

(* பதினேழு. இப்படி அவள் திருத்திய இடங்களை அப்படியே விட்டுவைக்கிறேன்.)

இருவரும் ஒரே வீடு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சீரியல் எழுதுகிறவனுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட குடும்பங்கள்.

மாலை ஆறரைக்குச் சீரியல். ஆறேகாலுக்கு அக்கா செருப்பைக் கழற்றுவாள். ஆறு இருபதுக்கு முகம் கழுவி, குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு சோபாவின் இடது ஓரத்தில் உட்காருவாள். முன்கதைச் சுருக்கம் ஓடும்போது ஒலியைக் குறைத்துவிடுவாள். “நேத்து பார்த்தவளுக்கு இன்னிக்கு எதுக்கு? பார்க்காதவங்க பார்க்காதவங்களாவே இருக்கட்டும்.” முதல் விளம்பர இடைவெளியில் குக்கரை இறக்குவாள். இரண்டாவதில் துணி மடிப்பாள். மூன்றாவதில் அதுவரை பார்த்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்வாள்.

அவள் தீர்ப்புகளுக்கு மேல்முறையீடு கிடையாது. கைப்பேசியில் பார்ப்பதை அவள் பார்ப்பதாகவே ஒத்துக்கொள்வதில்லை. “நினைச்ச இடத்துல நிறுத்தலாம்னா அது என்ன கதை? கதை நம்மள நிறுத்தணும்.” செய்தி வாசிப்பவர்களில் மழைச் செய்தி சொல்லும்போது சிரிக்கிறவர்களை நம்பமாட்டாள். சீரியலில் யாராவது கண்ணாடி போட்டு வந்தால் முதலில் கண்ணாடியைத்தான் பார்ப்பாள். “பவர் இருந்தா கண்ணாடி வழியா கன்னத்துக் கோடு உள்வாங்கித் தெரியும். இந்த டாக்டரைப் பாரு, வெறும் கண்ணாடி. இவன் ஆபரேஷன் பண்ணி யாரு பிழைக்கிறது?” அந்த டாக்டர் நான் எழுதிய பாத்திரம். அடுத்த வாரமே அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

3

இனி திருட்டு.

பதினெட்டு வருடத்துக்கு முன் அக்கா கணவனை விட்டு வந்தாள். அடி உதை எதுவும் இல்லை. குடிப்பழக்கமும் இல்லை. கேட்டவர்களிடம் “ஒத்துவரல” என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். என்னிடம் மட்டும் ஒரே ஒரு முறை சொன்னாள்.

அன்று பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்திருக்கிறாள். மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்று, “நான் போறேன்” என்றாள். மாமா தலையைச் சாய்த்து அவளைத் தாண்டிப் பார்த்தபடி சொன்னார்:

“கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது.”

அவ்வளவுதான். அந்த வரியை நான் பதினெட்டு வருடம் வைத்திருந்தேன். எழுதுகிறவன் மனதில் ஒரு நல்ல வரி இருப்பதும், நாய் வாயில் எலும்பு இருப்பதும் ஒன்றுதான். (இந்த உவமை எனக்கே கேவலமாக இருக்கிறது. இருக்கட்டும்.)

எங்கள் முதல் எழுத்தாளருக்கு நாங்கள் வைத்த பெயர் முடிச்சு அண்ணன். எந்த எபிசோடைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, “முடிச்சு எங்க?” என்பார். அந்த வாரம் நாயகி கணவனை விட்டுப் போக வேண்டும். யாருக்கும் முடிச்சு கிடைக்கவில்லை. மூன்று பேரும் டீ குடித்துக் குடித்து வயிறு புண்ணானதுதான் மிச்சம். நான் வாயைத் திறந்தேன். அந்த வரியைச் சொன்னேன். முடிச்சு அண்ணன் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார்.

“எங்கடா பிடிச்ச இதை?”

“தோணுச்சுண்ணே” என்றேன்.

திருட்டு அந்த ஒரு சொல்லில்தான் முழுமை அடைந்தது.

4

அது ஒளிபரப்பான நாள் நான் வீட்டில் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று கூட... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.)

கணவன் அந்த வரியைச் சொன்னான். நாயகி கதறினாள். பூச்சாடியை எடுத்து டிவி மேல் வீசினாள். கண்ணாடி சிதற, அவள் முகம் மூன்று கோணத்தில் மூன்று முறை வந்தது. பூச்சாடி இயக்குநரின் யோசனை. விளம்பரம் வந்தது.

துணி மடிக்க வேண்டிய இடைவெளி. அக்கா எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ எதுக்கு டிவிய உடைச்சா?”

“கோபம்க்கா. அப்பதான் சீன் எடுபடும்...”

“நான் தள்ளி நின்னேன்டா.”

எனக்குப் புரியவில்லை.

“மறைக்குதுன்னு சொன்னாருல்ல? நான் தள்ளி நின்னேன். ரெண்டு அடி. பையோட. அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் நின்னுட்டு இருந்தேன். பத்து நிமிஷம். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, நான் அந்த வீட்டுல அதுவரைக்கும் எப்படி இருந்தேன்னு. அதான்டா விஷயம். அதை விட்டுட்டுப் பூச்சாடிய வச்சிருக்க.”

“அதை நீ சொல்லவே இல்லையேக்கா.”

“சொல்லியிருந்தா அதையும் எடுத்திருப்ப.”

விளம்பரம் முடிந்து நாயகி தெருவில் மழையில் நடந்தாள். அக்கா டிவியை அணைத்தாள். எபிசோடின் நடுவில் அவள் அணைத்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

(“பத்துன்னா சொன்னேன்? இருபது இருக்கும்.”)

5

மறுநாளிலிருந்து அவள் பார்க்கவில்லை.

கோபித்துக்கொண்டு மூலையில் உட்காரும் ரகம் இல்லை அக்கா. சாப்பாடு போட்டாள், மின்கட்டணம் கட்டச் சொன்னாள், என் தலைமுடி கொட்டுவதைப் பற்றிக் கேலி பேசினாள். ஆறரைக்கு மட்டும் உள் அறையில் துணி தேய்த்தாள். பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகச் சீரியலின் பாட்டு வரும். இஸ்திரிப் பெட்டி நிற்காது. வீட்டிலிருந்த அத்தனை துணியும் தேய்த்து முடிந்து, தலையணை உறைகளும் முடிந்து, ஆறாம் நாள் என் கைக்குட்டைகளுக்கு வந்துவிட்டாள்.

சீரியலோ உச்சத்தில் இருந்தது. “கொஞ்சம் தள்ளி நில்லு” ஊரெல்லாம் வசனமாகிவிட்டது. பேருந்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் கைக்குட்டைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டிருந்தன.

ஏழாம் நாள் முடிச்சு அண்ணன் கூப்பிட்டார்.

“புருஷன் திரும்பி வரணும். மன்னிப்புக் கேக்கணும். ஜனங்க கேக்குறாங்க. அந்த வரிய எழுதின நீயே எழுது. நல்லா வந்தா ரெண்டாவது எழுத்தாளர் நீதான்.”

அன்று மாலை நான் அக்காவிடம் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று.

“அக்கா, தப்புதான். உன்கிட்ட கேக்காம எழுதினேன்.”

“ம்.”

“இப்ப அவன் திரும்பி வர்ற மாதிரி எழுதச் சொல்றாங்க. மாமா வந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?”

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“வந்தாரே.”

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“ரெண்டு வருஷம் முன்னாடி. கடைக்கு. வெள்ளெழுத்து. படிக்கிறதுக்குக் கண்ணாடி வேணும்னு வந்தாரு. நான் இருக்கேன்னு தெரியாது. உக்கார வச்சு அளந்தேன்.”

கண் அளப்பதை நான் கடையில் பார்த்திருக்கிறேன். ஒரு முழங்கை தூரத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து, சின்ன ஸ்கேலை மூக்கின் மேல் பிடித்து, இரண்டு கருவிழிக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குறிக்க வேண்டும். அப்போது “என் கண்ணையே பாருங்க, அசையாதீங்க” என்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் சொல்வது அதுதான்.

“அப்புறம்? என்னக்கா சொன்னாரு? நீ என்ன சொன்ன?”

அவள் இஸ்திரிப் பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

“அது உனக்குக் கிடையாது.”

6

அந்தக் காட்சியை நான் எழுதிப் பார்க்காமல் இருப்பேனா?

முதல் வடிவத்தில் மாமா அழுதார். அக்கா படித்துவிட்டு, “அவர் அழற ஆளா? அழுதா அளவு தப்பாப் போயிடும்” என்றாள்.

இரண்டாவதில் அவர் அவளை அடையாளமே கண்டுகொள்ளாமல் போனார். அக்கா ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து மூன்று நாள் குழம்பினேன். இல்லை, குக்கர் விசில் அடித்ததாம்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் அவள் வேண்டுமென்றே தப்பான பவரில் கண்ணாடி செய்து கொடுத்தாள். அதற்குத்தான் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

“நான் தொழில்ல தப்பு பண்ணுவேன்னு எழுதுவியா? அவரு எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும். அவரு கண்ணு என்னடா பண்ணுச்சு?”

மூன்றையும் கிழித்துப் போட்டேன். மறுநாள் முடிச்சு அண்ணனிடம் போய், “இதை நான் எழுதலண்ணே” என்றேன். காரணம் கேட்டார். “என்னோடது இல்ல” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அந்த வார எபிசோடுகள் கைமாறின. இரண்டாம் எழுத்தாளர் நாற்காலியும் அவற்றோடு போயிற்று. வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். தூக்கம் நன்றாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்று மாலை ஆறேகாலுக்கு அக்கா செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவி வந்து சோபாவில் உட்கார்ந்தாள். கிழித்த தாள்களைக் குப்பைக் கூடையில் பார்த்திருக்க வேண்டும். விட்டுப்போன நாட்களில் என்ன நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

சில நாளில் கணவன் திரும்பி வந்தான், தலையில் கட்டோடு, ஞாபகம் தவறி. நாயகி அவன் காலடியில் சரிந்தாள். மூன்றாவது இடைவெளியில் தீர்ப்பு வந்தது.

“நடிக்கிறவன் பரவாயில்ல. கதைதான் உதவாக்கரை. நீ எழுதலதானே?”

“இல்லக்கா.”

“தெரியுது” என்றாள். துணியில் பாதியை என் பக்கம் தள்ளினாள். மடித்தேன்.

7

ஆக, இந்தக் கதைக்கு நடுவில் கண் அளக்கும் மேசை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் அவர். அவர்கள் பேசியதை நான் எழுதப்போவதில்லை. இத்தனை தூரம் எழுத அக்கா அனுமதி கொடுத்ததே அந்த நிபந்தனையில்தான்.

உங்களுக்கு அப்படி நிபந்தனை ஏதும் இல்லை. எழுதிப் பாருங்கள். அவர் அழவில்லை, அவள் அளவில் தவறவில்லை. இந்த இரண்டையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் என்னிடம் காட்டவேண்டாம், நான் எடுத்துக்கொள்வேன். நேரே அக்காவிடம் கொண்டுபோங்கள். கடை காலை பத்து மணிக்குத் திறக்கும். தப்பாக இருந்தால் எந்த வரி தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். சரியாக இருந்தால் எதுவும் சொல்லமாட்டாள். தாளை மடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.