குழியில் பழுத்த சீசா

மண் கரைத்த தண்ணீர் இரண்டு பாலாடை உள்ளே போயும் பச்சியப்பன் போகவில்லை. நிலத்தின் மேல் ஆசை என்றால் இதிலேயே அடங்கியிருக்க வேண்டும். அடுத்து அவருடைய தங்கை சின்னக்கா மோதிரத்தைக் கல்லில் உரசி, அந்தத் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தாள். மூச்சு இழுத்துக்கொண்டேதான் இருந்தது.

"மண்ணும் இல்ல, பொன்னும் இல்ல. அண்ணனுக்கு உசுரு எதுல நிக்குதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி," என்றாள் சின்னக்கா. "குழியில இருக்குதே, அதுல."

பாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முனியம்மாள் காதில் விழாதவள் போலக் கணவனின் நெற்றியைத் துடைத்தாள்.

குழியில் இருந்தவை இரண்டு சீசா சிவப்பு ஒயின். அரூர் காட்டு பங்களாவில் பச்சியப்பன் சமையல்காரராக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய துரை கொடுத்துவிட்டுப் போனவை. வெயில் படாமல் படுக்கப் போட்டு வைத்தால் வருஷம் ஏற ஏற ருசி ஏறும், நல்ல நாள் பார்த்துத் திற என்றாராம் துரை. இண்டூருக்குத் திரும்பிய பச்சியப்பன் வாசலில் தானியம் சேமிக்க ஆழமாகத் தோண்டியிருந்த ராகிக் குழிக்குள் இறங்கி, ராகிக்கு அடியில் இரண்டையும் படுக்க வைத்தார். அதோடு சரி. அந்த நல்ல நாள் வரவே இல்லை. மகன் தர்மன் பிறந்தான்; "இன்னும் பழுக்கட்டும்" என்றார். கிணற்றில் தண்ணீர் கண்டது, அதே பதில். தர்மன் கல்யாணத்தில் சம்பந்தியே வாய்விட்டுக் கேட்டார். ம்ஹூம். அது என்ன வாழைத்தாரா, குழியில் போட்டுப் பழுக்க வைக்க என்று ஊரே கேலி செய்தது. பிறகு மதுவிலக்கும் வந்தது. கள்ளுக்கடைக்காரர்களே வேறு பிழைப்பு தேடிப் போன ஊரில், பச்சியப்பன் மட்டும் குழியின் மூடுகல்லைப் பார்த்துச் சிரித்தபடி நடமாடினார்.

"அதெல்லாம் தொறக்க வேணாம்," என்றாள் முனியம்மாள். "போலீசு மோப்பம் புடிச்சிதுன்னா தர்மனில்ல கம்பி எண்ணுவான்?"

போலீஸ் ஒரு சாக்கு. அவள் பயம் வேறு. ஆசை தீர்ந்தால் உயிர் அடங்கும் என்றுதானே இத்தனையும் கரைத்து ஊற்றுகிறார்கள்? சீசாவைத் திறந்தால் மனிதர் போய்விடுவார். திறக்காத வரை இருப்பார். எத்தனை நாள் ஆனாலும் இருக்கட்டும், நான் துடைத்துவிட்டுக்கொண்டு கிடக்கிறேன் என்று நினைத்தாள்.

ஆனால் மறுநாள் காலையில் ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் படும் பாட்டை அவளால் பார்க்க முடியவில்லை. சட்டென்று எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"தர்மா, குழியத் தொற."

கல்லைப் புரட்டினார்கள். கயிற்றில் கட்டி இறக்கிய விளக்கு பொசுக்கென்று அணைந்தது. உள்ளே கெட்ட காற்று. அது வெளியேறும் வரை யாரும் இறங்கக் கூடாது. முனியம்மாள் குழிக்கும் பாய்க்குமாக நடந்தாள். விளக்கு அணையாமல் நின்ற பிறகுதான் தர்மன் இறங்கினான். ராகிக்குள் கைவிட்டுத் துழாவி இரண்டு சீசாவையும் மேலே நீட்டினான்.

சீசாவை முறையாகத் திறக்கத் தெரிந்த ஒரே ஆள் பாயில் கிடந்தார். தர்மன் கோணி தைக்கும் ஊசியால் குத்தியதில் தக்கை உள்ளேயே விழுந்துவிட்டது. பாலக்கோட்டிலிருந்து வந்திருந்த முனியம்மாளின் அண்ணன் பெரியண்ணன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பயபக்தியோடு நின்றார்.

முனியம்மாள் பாலாடையைக் கணவனின் வாயில் சாய்த்தாள். நல்லபடியாகப் போங்கள் என்று சொல்ல வேண்டும் என்றிருந்தாள்; வாய் வரவில்லை. அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு பாலாடை ஊற்றினாள். சின்னக்கா அழுவதற்குத் தயாராக மூக்கை உறிஞ்சினாள்.

பச்சியப்பன் நாக்கைச் சப்புக்கொட்டினார். கண்ணைத் திறந்தார்.

"தக்கைய யாரு உள்ள தள்ளுனது?"

எல்லார் கண்ணும் தர்மன் மேல் திரும்பியது.

"நான்தாம்ப்பா," என்றான் தர்மன்.

"அறிவிருக்குதா? தொறந்ததும் ஊத்திடறதா? கொஞ்சம் காத்தாட வைக்கணும்டா." மூச்சு வாங்கினார். பிறகு பார்வை திரும்பியது. "மச்சான் எப்ப வந்தீங்க? மூட்டையில என்ன?"

கோடித் துணி இருந்த மூட்டையைப் பெரியண்ணன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். "சும்மா, மாத்துத் துணிங்க மச்சான்."

மத்தியானம் பச்சியப்பன் கோழிச் சாறு கேட்டார். உப்பு குறைச்சல் என்றார். பெரியண்ணன் மூட்டையோடு பாலக்கோட்டுக்கு வண்டி ஏறினார்.

அந்தச் சீசா கார்த்திகை முழுக்க வந்தது. பொழுது சாய்ந்ததும் ஒரு பாலாடை, காற்றாட வைத்த பிறகு. அவர் பங்களாக் கதைகளைச் சொல்ல, முனியம்மாள் கால் பிடித்துவிட்டபடி கேட்டாள். போகப் போகப் புளிக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டே குடித்தார். கடைசிப் பாலாடையை அவளிடம் நீட்டினார். குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இந்தக் கசாயத்துக்கா இத்தினி வருசம்?"

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில்கூட அவளுக்கு இப்படியொரு மாதம் வாய்த்ததில்லை.

மார்கழிக் கடைசியில் மறுபடி மூச்சு இழுக்கத் தொடங்கியது. இம்முறை யாரும் மண்ணைக் கரைக்கவில்லை. முனியம்மாளே ஓடிப்போய், அடுக்குப் பானைக்குப் பின்னால் வைத்திருந்த இரண்டாவது சீசாவையும் கோணி ஊசியையும் கொண்டுவந்தாள். இன்னொரு சீசா, இன்னொரு மாதம். அவள் நம்பிக்கை அவ்வளவுதான்.

ஊசியைத் தக்கையில் வைத்தபோது அவர் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேணாம்," என்றார். "அது இன்னும் பழுக்கட்டும்."

"யாருக்குங்க?"

அவர் சிரித்த மாதிரி இருந்தது. வெயில் ஏறும் வரை அந்தக் கை அவள் மணிக்கட்டிலேயே இருந்தது. பிறகு அவள்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

தை போய், காரியமெல்லாம் முடிந்த பிறகு புது ராகியைக் கொட்டக் குழியைத் திறந்தார்கள்.

"அந்தச் சீசாவ என்ன பண்ணப் போறீங்க அண்ணி?" என்று கேட்டாள் சின்னக்கா. "அண்ணனுக்குப் படைச்சிருக்கலாமில்ல?"

முனியம்மாள் குழிக்குள் நின்ற மகனிடம் சீசாவை நீட்டினாள்.

"நிக்க வைக்காத தர்மா. படுக்கப் போடு."

"எப்பம்மா எடுக்கறது?"

"மேல ஏறி வா."

அவன் வந்த பிறகு முறத்தில் ராகியை அள்ளி, சீசாவின் கழுத்து மறையும் வரை மெதுவாகக் கொட்டினாள்.