நாறாத குடுவை

அடுப்பை அணைக்கக் கையை நீட்டிய தம்பி மனைவியைப் பெரியவர் தடுத்தார்.

"வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"வீடு நிறைய ஆளுங்க வந்திருக்காங்க மாமா. இது எதுக்கு இப்போ?"

கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். விடிந்ததும் இந்தப் பின்னறைக்கு வந்து, மின்அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, அதற்குள் கண்ணாடிக் குடுவையை இறக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். பெரியவர் டாக்டர்களை நம்புகிறவர் இல்லை. பார்க்கப்போனால் படித்தவன் எவனையும் நம்புகிறவர் இல்லை, பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்த தம்பியையும் சேர்த்து.

அவர் காகித ஆலையில் மரச்சில்லு வேகவைக்கிற கொப்பரையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வேகும்போது அழுகிய முட்டை நாற்றம் ஊரையே தூக்கும். அதுதான் அவருக்குக் கடிகாரம். நாற்றம் ஏறி, கனத்து, தொண்டையைப் பிடித்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே வீட்டில் இருந்த காலத்தில் தம்பி மனைவி அவர் சட்டையை மட்டும் தனி வாளியில்தான் ஊறவைப்பாள்.

தம்பியின் குடுவையில் ஆலை மருந்து கிடையாது. தயிரைப் புளிக்கவைக்கிற அமிலமும், கோழித் தீவனத்தில் கலக்கிற ஏதோ ஒரு உப்பும்தான். சேர்த்துச் சூடாக்கினால் பாகு மாதிரி ஆகிறது. அந்தப் பாகு, மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கிற பசையைக் கரைத்துக்கொண்டு நாரை விட்டுவிடுமாம். தண்ணீர் விட்டால் பசை வண்டலாக இறங்கிவிடும், பாகைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். ஆறும் கெடாது, மூக்கும் கெடாது என்பான். இதற்குமுன் வைத்தபோதெல்லாம் சில்லு போன மாதிரியே திரும்பி வந்தது. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

நேற்றும் போனில் இதே சண்டைதான்.

"நாறாம மரம் வேகாதுடா. நீ ஊறுகா போட்டுக்கிட்டு இருக்கே."

"இந்தத் தடவை சூட்டைக் கூட்டி வைக்கப்போறேன். மத்தியானம் வந்து பாருண்ணே. வெந்துச்சுன்னா உன் வாயால சொல்லணும்."

"சொல்றேன் போ. என் தலையில இருக்கிற கிரீடமா இறங்கிடும்?"

மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலியைத் தொடவில்லை. குடுவைக்குள் தேன் நிறத்தில் இருந்தது மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. குனிந்து மோந்தார். லேசான புளிப்பு, அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து மறுபடி மோந்தார். கூடத்தில், அண்ணன்காரன் அழாமல் சட்டியை மோந்துகொண்டிருக்கிறான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அழுகை எங்கே போய்விடப்போகிறது? இதைப் பாதியில் இறக்கினால்தான் என்றைக்கும் தெரியாமல் போய்விடும்.

தம்பி மனைவி வந்து கதவோரம் நின்றாள்.

"வண்டி வந்துடுச்சு மாமா."

"இன்னும் நாத்தம் வரலையேம்மா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வராது, வராது என்றுதானே அவன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். இவ்வளவு நேரமும் வராத ஒன்றுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

அடுப்பை அணைத்தார். இடுக்கியால் ஒரு சில்லை எடுத்துத் தண்ணீரில் அலசினார். பார்க்க மரமாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ஆலையில் எத்தனையோ முறை அழுத்திய விரல். சில்லு நழுவி, பிரிந்து, பழுப்பு நாராகப் பரவியது. இன்னொன்றை எடுத்து அழுத்தினார். அதுவும் அப்படித்தான்.

கையை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் இல்லை.

"வெந்துச்சா மாமா?" என்றாள் அவள்.

"அவன்கிட்டதாம்மா சொல்லணும்" என்றார்.

வண்டியில் தம்பியின் தலைமாட்டில் அவருக்கு இடம் விட்டார்கள். சன்னல் வழியாக வெயிலும் காற்றும் அடித்தன. உள்ளங்கையில் ஒட்டியிருந்த நார் ஓரத்திலிருந்து காய்ந்து, மெல்லிய தாளாக எழும்பத் தொடங்கியது. அதில் அவர் கைரேகை பதிந்திருந்தது. வண்டி குலுங்கியபோதெல்லாம் மற்றவர்கள் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மட்டும் தம்பியின் முகத்துக்குப் பக்கத்தில் கையை விரித்தபடியே வைத்திருந்தார்.