பதினொன்றாம் நம்பர் பேட்டரி

ஊர் குடிக்கிற தண்ணீர் என்பதால் அந்த ஏரியில் பெட்ரோல் மோட்டாருக்கு அனுமதி இல்லை. ஓடுகிற படகெல்லாம் பின்னால் ஒரு சின்ன மின்மோட்டாரை மாட்டிக்கொண்டு பேட்டரியில்தான் ஓடின. அந்தப் பேட்டரிகளைச் சார்ஜ் போட்டு, தண்ணீர் ஊற்றி, உயிரோடு வைத்திருப்பது கரையோரக் கொட்டகைக்காரரின் பொறுப்பு. பதினெட்டு வருஷம் ஆசிட் தெறித்துத் தெறித்து அவர் சட்டைகளில் ஓட்டையில்லாத சட்டை ஒன்றுகூடக் கிடையாது. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பேட்டரிக்காரரே என்றால் திரும்பிப் பார்ப்பார்.

வேலையில் மனிதர் படு சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. டிஸ்டில்ட் வாட்டரைச் சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் ஊற்றுவார். முன்னாலேயே நிரப்பினால் ஆசிட் பொங்கி வழியும். சார்ஜரைக் கழற்றிய கையோடு மீட்டரை வைத்துப் பார்ப்பவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சூட்டில் செத்த பேட்டரிகூட நல்ல கணக்குக் காட்டுமாம். நன்றாக ஆறப்போட வேண்டும், பிறகு ஆறு மூடியையும் திறந்து ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டை உறிஞ்ச வேண்டும். உள்ளே இருக்கும் மிதப்பு மேலே நின்றால் செல்லில் தெம்பு இருக்கிறது, அடியில் கிடந்தால் இல்லை. அந்த நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார், யார் பேசினாலும் காதில் விழாது.

இவ்வளவு ஒழுங்கான மனிதரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நல்ல பேட்டரியையெல்லாம் தூண்டில் போட வருகிற வெளியாட்களுக்கென்று ஒதுக்கி வைப்பார். நடு ஏரியில் மோட்டார் நின்றால் அவர்கள் கரைக்கு வந்து வாய்க்கு வந்தபடி பேசுவார்கள், அலுவலகத்துக்கு எழுதியும் போடுவார்கள். தளர்ந்துபோன பேட்டரி எதுவோ அதைத் தங்கச்சி புருஷன் தலையில் கட்டுவார். சொந்தக்காரன்தானே, பொறுத்துக்கொள்வான் என்ற நினைப்பு. இந்த நினைப்பில் எத்தனை அநியாயம் நடக்கிறது உலகத்தில்!

மாப்பிள்ளைக்கு ஏரி நடுவில் மிதக்கிற மீன் கூண்டுகளுக்குத் தீவனம் போடுகிற வேலை. தினம் ஒரு நடை. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள். ஒரு மாதமாக அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது பதினொன்றாம் நம்பர். அதில் மூன்றாவது செல் இறங்கிவிட்டது பேட்டரிக்காரருக்குத் தெரியும். இரண்டு முறை பாதி வழியில் நின்று, வேர்த்து விறுவிறுக்கத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தான். தொப்பை குறையட்டும் மச்சான் என்று சிரித்தானே தவிர, மூஞ்சியைக் காட்டவில்லை. அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று இவரும் விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மலையில் மழை. சொல்லாமல் கொள்ளாமல் மதகைத் திறந்தார்கள். தண்ணீர் இழுக்கிற இழுப்பில், கூண்டைவிட்டுக் கிளம்பிய படகின் மோட்டார் நின்றுபோனது. அந்த இழுப்பை எதிர்த்துத் துடுப்புப் போட எந்த மனிதனால் முடியும்? படகு மதகுத் தூணில் குறுக்காகச் சிக்கிக்கொண்டது. ஆளை மறுநாள் காலையில் கீழே கண்டெடுத்தார்கள்.

உடம்பு வீட்டுக்கு வருவதற்குள் பேச்சு வந்துவிட்டது. குடித்துவிட்டுப் போயிருப்பான், போதையில் மதகுப் பக்கம் விட்டிருப்பான் என்றார்கள். முன்னொரு காலத்தில் குடித்தவன்தான். பிள்ளை பிறந்த அன்றைக்கு விட்டவன், மூன்று வருஷமாகத் தொடவில்லை. செத்தவனால் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா? ஆளாளுக்கு அளந்தார்கள்.

வியாழக்கிழமை அலுவலகத்துச் சூப்பர்வைசர் பதினொன்றாம் நம்பரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். மதகைத் திறக்கும் முன் சங்கு ஊதாதது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. கூட ஒரு காகிதம் இருந்தது. “பேட்டரி நல்லா இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எங்களுக்கும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேட்டரிக்காரர் மூடிகளைத் திறந்தார். ஐந்து செல்லில் மிதப்பு பாதிக்கு நின்றது; இன்னும் ஒரு மணி நேரம் ஓடுகிற தெம்பு அவற்றில் இருந்தது. மூன்றாவதில் அடியில் கிடந்தது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் இன்னொரு தரம் உறிஞ்சிப் பார்த்தார். ஹைட்ரோமீட்டரைக் கழுவி வைக்கும்போது வாசலில் தங்கச்சி நிற்பதைப் பார்த்தார்.

எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. “எல்லாரும் அவரு குடிச்சிருந்தாருங்கறாங்கண்ணா. நாளைக்கு எம்புள்ள காதுல இதுதான விழும். நீ சொல்லு, பேட்டரி எப்படி இருந்துச்சு?”

நல்லா இருந்துச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவர் பெயர் கெடாது, கொட்டகை போகாது, தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கிற முகம் மிச்சமிருக்கும். அந்த ஒரு வார்த்தையில் செத்தவன் குடிகாரனாகிவிடுவான். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பொய் சொல்வானேன்.

“மூணாவது செல்லு செத்துப்போச்சும்மா. ஒரு மாசமா எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தார். அவள் சார்ஜர் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“அவருக்கும் தெரியும்ணா. அண்ணங்கிட்ட நான் போயிக் கேக்குறேன்னு ஒருநாள் கெளம்பினேன். கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டாரு. உங்கண்ணன் என்னைய வேத்து ஆளா நெனைக்கலடி, அதனாலதான் உரிமையோட இதக் குடுக்குறாருன்னாரு. பெருமையாச் சொன்னாருண்ணா.”

பேட்டரிக்காரர் காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். செல் செத்திருந்தது, தெரிந்திருந்தும் கொடுத்தேன், இறந்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. கையெழுத்துப் போடப் போகும்போது தங்கச்சி பலகையில் வரிசையாக இருந்த பேட்டரிகளைப் பார்த்தாள்.

“அன்னிக்கு நல்ல பேட்டரி எத்தன இங்க இருந்துச்சு?”

மழைநாள். தூண்டில்காரன் ஒருவனும் வரவில்லை.

“ஏழு” என்றார்.

“அதையும் எழுதுண்ணா.”

எழுதினார்.