ஸ்னேஷ்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்புதல்

ஸ்னேஷ்கா மலையில் ஏறுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். இறங்கும்போது மட்டும் மலையிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். சரியாகச் சொல்லிக்கொண்டால் பாதை கீழே போகும். இல்லாவிட்டால் போகிற மாதிரி போய்விட்டு மறுபடி உச்சிக்கே வந்துவிடும்.

செக் நாட்டுக்கும் போலந்துக்கும் நடுவில் நிற்கிற மலை அது. எல்லைக்கோடு உச்சியின் மேலேயே ஓடுகிறது. விடுமுறை நாளில் ரங்கநாதன் தெரு அளவுக்குக் கூட்டம். ஆகவே விடைபெற இரண்டு ஜன்னல்கள் வைத்திருக்கிறார்கள். செக் பக்கம் இறங்குகிறவர்களுக்கு ஒன்று, போலந்துப் பக்கம் இறங்குகிறவர்களுக்கு ஒன்று. ஜன்னலில் குனிந்து, தாய்மொழியில், வீட்டில் சொல்வதைப் போலச் சொல்ல வேண்டும். கற்றுக்கொண்ட மொழியில் சொன்னால் மலைக்கு அது வெறும் வாயசைப்பு.

ரோப்காரில் இறங்குகிறவர்களுக்கு இந்த வேலை இல்லை. அது டிக்கெட்டிலேயே சேர்த்தி. என் மனைவி கோமளா அப்படித்தான் இறங்கினாள். நான் நடந்து இறங்குவதாக அறிவித்திருந்தேன். ஏறும்போது நானும் ரோப்காரில்தான் ஏறினேன் என்பதை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் தெரிவிக்கவில்லை. உச்சியில் இரண்டு ஊன்றுகோல்களோடு எடுத்த படத்தை மட்டும் போட்டேன். "தணிகாசலம் சார், இந்த வயசுல எப்படி!" என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்துதான் ஆக வேண்டும்.

செக் ஜன்னலில் யார்மிலா என்ற அம்மாள் உட்கார்ந்து ஊறுகாய் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். நான் குனிந்தேன். கையை ஆட்டி, "போயிட்டு வரேன்" என்றேன். அவர் தலையசைத்தார்.

பாதை கல் பாவியது. படிகள் எனக்கென்று அளவெடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டியவை போலிருந்தன. முழங்கால்கள் பேச ஆரம்பித்தன. எழுபது வயது தாண்டிய ஒரு பெண்மணி, "அஹோய்" என்று வணக்கம் சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போனார். அவர் பின்னால் ஒரு குட்டை நாய், அதன் பின்னால் தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தை. நான் எல்லோருக்கும் நின்று நின்று பதில் வணக்கம் சொன்னேன். மூச்சு வாங்குவதற்கு மரியாதையைப் போல் நல்ல சாக்கு கிடையாது. குட்டைப் பைன் செடிகளைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பியதும் உச்சி வந்தது. கீழ்நோக்கித்தான் நடந்திருந்தேன்.

யார்மிலா அம்மாள் அதே ரொட்டியில்தான் இருந்தார்.

"வருகிறேன் என்று சொன்னீர்கள், வந்துவிட்டீர்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது" என்றார் செக் மொழியில். ப்ர்னோ நகரத்தில் ஏழு வருடமாக வேலை பார்ப்பதால் அவ்வளவு எனக்குப் புரியும்.

"உங்கள் ஆட்களும் மறுபடி பார்க்கலாம் என்றுதானே சொல்கிறார்கள்?"

"பார்க்கலாம் என்பதற்கு வர வேண்டியதில்லை. பக்கத்து மலையில் நின்று எட்டிப் பார்த்தாலும் கணக்குத் தீர்ந்துவிடும்."

சரி என்று போலந்து ஜன்னலுக்குப் போனேன். கொஞ்சம் புத்திசாலித்தனமாக, "கிளம்பறேன்" என்றேன். மலை அதை ஏற்றுக்கொண்டது. நன்றாகவே கிளம்பினேன். ஆனால் கிளம்புவதை மட்டும்தான் சொல்லியிருந்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் கிளம்பிய இடத்திலேயே, கிளம்புகிற நிலையிலேயே நின்றேன். "வரட்டா?" என்று கேட்டுப் பார்த்தது இன்னும் மோசம். மலை உடனே வரச் சொல்லிவிட்டது.

சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். "போறேன்." அவ்வளவுதான். நான் பகுத்தறிவாளன். தமிழ்ச் சங்கப் பட்டிமன்றத்தில் சகுனத்துக்கு எதிராகப் பேசிக் கோப்பை வாங்கியவன். ராகு காலத்தில் வேண்டுமென்றே பால் காய்ச்சிப் புது வீட்டில் குடிபுகுந்தவன். கோமளா அதற்கு முந்தைய நல்ல நேரத்திலேயே ஒரு தடவை காய்ச்சிவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது, அது வேறு. ஜன்னலில் குனிந்து, "போ" என்றேன். அடுத்த எழுத்து வரவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற கன்னியாஸ்திரீகள் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, என்னைச் சுற்றிப் போய்ச் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள்.

"ஒரு சூப்பு குடிங்கண்ணே. தொண்டை இளகும்" என்று தமிழ்க் குரல் கேட்டது.

சூப் கடையில் கரண்டியோடு நின்றவர் பெயர் சோலைராஜ். உசிலம்பட்டிக்காரர். இறங்குவதற்காக வந்தவர்தான். எல்லைக்கோட்டின் மேலிருக்கிற சிறிய தேவாலயத்தில் விளக்கு ஏற்றுவதற்குள் சரியாகச் சொல்லிக்கொள்ளாதவர்கள் மலையோடு தங்கிவிட வேண்டும் என்பது விதி. அவர் தங்கிவிட்டார்.

"நானும் போயிட்டு வாரேன்னுதான்ணே சொன்னேன். அந்தச் சொல்ல எப்பிடிண்ணே வாயால சொல்றது? பெத்த தாயி இருக்கா, பொண்டாட்டி இருக்கா."

"வீட்டில் பேசுவீர்களா?"

"மொத ரெண்டு வருசம் பொண்டாட்டி தெனமும் கூப்புடுவா. அப்பறம் நல்ல நாளு பெரிய நாளைக்கு. இப்பக் கூப்புடுறதில்ல." அவர் பூண்டு சூப்பைக் கிண்டினார். "ஆறப்போட்டுறாதீங்க, வாசம் போயிரும்."

சூப் நன்றாக இருந்தது. என்னால் குடிக்க முடியவில்லை. வெளியே காற்று பலமாக அடித்தது, ரோப்காரை நிறுத்திவிட்டார்கள். தேவாலயத்துக்குள் ஒருவர் விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் பயந்துவிட்டேன். இனி கோமளாவின் எதிரில் உட்கார்ந்து, உப்பு குறைவு என்று குற்றம் சொல்லி ஒரு வாய் சாப்பிட முடியாது என்று தோன்றியபோது கண் கலங்கியது. சூப் ஆவி என்று சோலைராஜிடம் சொன்னேன்.

கோமளாவுக்குப் போன் செய்தேன்.

"என்னங்க, எங்க இருக்கீங்க? கடைசி பஸ் நிக்குது. டிரைவர்கிட்ட கெஞ்சி நிறுத்தி வெச்சிருக்கேன்."

விஷயத்தைச் சொன்னேன்.

"மேடையில அவ்ளோ பேசறீங்க இல்ல? சொல்லித் தொலைங்க."

செக் ஜன்னலுக்கு ஓடினேன். குனிந்தேன். போன் காதில் இருந்தது. "கோமளா, சொல்லட்டுமா?" என்றேன்.

அந்தப் பக்கம் பஸ் இன்ஜின் உறுமியது.

"வேணாம்" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "வேணாங்க. அதை மட்டும் சொல்லாதீங்க. போனை அந்த அம்மாகிட்டக் குடுங்க, நான் பேசறேன்."

நான் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்தேன். கோமளாவுக்கு செக் வராது. தமிழிலேயே பேசினாள்.

"அம்மா, உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு. இவர் எப்பவும் இப்படித்தான், வாசல்ல நின்னுக்கிட்டே ஒரு மணி நேரம் பேசுவார், கிளம்ப மாட்டார். தப்பா எடுத்துக்காதீங்க. தயவு பண்ணி அனுப்பி வையுங்க." மூக்கை உறிஞ்சினாள். பிறகு, எங்கள் வீட்டில் யாரிடம் பேசினாலும் போனை வைப்பதற்கு முன் சொல்கிறதைச் சொன்னாள். "நீங்களும் ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்க. அவசியம் வரணும்."

யார்மிலா அம்மாள் ரொட்டியைக் கீழே வைத்தார். தரையில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"இனி நீங்கள் வர வேண்டியதில்லை. மலை வரும். எத்தனையாவது மாடி?"

"மூன்றாவது."

நான் சோலைராஜைத் திரும்பிப் பார்த்தேன். "கீழ நாங்க தங்குன ரூம்ல ஆறு பேருண்ணே. யார எங்கிட்டுக் கூப்புட?" என்று சொல்லிவிட்டு என் தம்ளரைக் கழுவப் போனார்.

இந்தத் தடவை பாதை கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. பள்ளத்தாக்கு பச்சையாக விரிந்தது, ஆற்றுச் சத்தம் நெருங்கியது. ஒரு கட்டத்துக்குமேல் முழங்கால்கள் முன்பக்கமாக மடங்க மறுத்ததால் பின்பக்கமாகத் திரும்பி நடந்தேன். கீழிருந்து ஏறி வந்தவர்கள் என்னை ஏறுகிறவன் என்று நினைத்து, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று உற்சாகப்படுத்தினார்கள். அடிவாரத்தில், பெட்ஸ் ஊரின் பஸ் நிறுத்தத்தில் கோமளா படிக்கட்டில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் திட்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. லிஃப்ட் கொள்ளாததால் படியேறி வந்திருந்தது. ஏறிப் பழக்கமில்லை போலிருக்கிறது, நன்றாக மூச்சு வாங்கியது. ஹாலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் அதன் மேலேயே இருந்தது. ஒவ்வொருவரும் எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். கன்னியாஸ்திரீகள் பாத்ரூம் எங்கே என்று கேட்டார்கள். சோலைராஜ் என் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். கோமளா அவருக்காகக் கதவைச் சாத்தினாள்.

பிறகு தலைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெரிய வாணலியை அடுப்பில் ஏற்றினாள். மலை உட்கார்ந்ததில் எல்லைக்கோடு எங்கள் சமையலறையின் குறுக்கே விழுந்திருந்தது. அடுப்பு செக் நாட்டில் இருந்தது. ஃபிரிட்ஜும் படுக்கையறையும் போலந்துக்குப் போயிருந்தன.

"உப்புமாவுக்குக் கறிவேப்பிலை வேணும்" என்றாள் கோமளா.

அந்தப் பக்கம் சரிவு அதிகம். பாறையில் அடித்திருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஃபிரிட்ஜை நோக்கி இறங்கினேன். எங்கள் கட்டிலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த ஒரு போலந்துக் குடும்பம் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.