ஒரு பெருக்கல் குறி

சைதாப்பேட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் சங்க அலுவலகம். தி. நகர் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் பன்னிரண்டு நாளாக வேலைநிறுத்தம். நான்தான் செயலாளர். முதலாளி அனுப்பியிருந்த சமாதானக் கடிதத்தை நானே வாசித்தேன். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், உட்கார முக்காலி, வாரம் ஒருநாள் லீவு, எல்லாம் தருகிறாராம். செயலாளர் சொர்ணத்தை மட்டும் திரும்பச் சேர்க்க மாட்டாராம்.

"கை தூக்கிடலாமா?" என்றாள் புஷ்ரா, என்னைப் பார்க்காமல்.

"கடையிலதான் மேனேஜர் மூஞ்சியப் பாத்து தலையாட்டிக்கினு இருந்தோம். இங்க என் மூஞ்சியப் பாத்து யாரும் ஓட்டு போட வேணாம். சீட்டுல போடுங்க" என்றேன். பெரிய நியாயஸ்தி என்று நினைப்பு எனக்கு.

சம்மதம் என்றால் டிக், வேண்டாமென்றால் பெருக்கல் குறி. நானும் டிக்தான் போட்டேன். பள்ளிக்கூடம் திறந்த மாசம். பிள்ளைகுட்டிக்காரிகளை இன்னும் தெருவில் நிறுத்த மனசு வரவில்லை. ஆனால் பத்துப் பேராவது எனக்காகப் பெருக்கல் போடுவார்கள், தோற்றாலும் அது போதும் என்றிருந்தேன்.

புஷ்ரா ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தாள். டிக். டிக். முப்பத்தைந்தைத் தாண்டியதும் ஐந்து போதும் என்று இறங்கி வந்தேன். நாற்பதில், ஒன்று. அந்த ஒன்றும் வரவில்லை.

தீர்மானத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி தானாகத் துரத்தியிருந்தால் ஆயுசு முழுக்க அவரைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன். இதில் யாரைத் திட்டுவது? அத்தனை பேர் நடுவில் அப்படி அநாதையாக நான் ஒருநாளும் நின்றதில்லை.

எல்லோரும் இறங்கிப் போனபின் அன்புக்கரசி மட்டும் நின்றாள். எட்டு வருஷமாக என் பக்கத்து மேசையில் நின்றவள், என் டப்பாவில் கை போட்டுச் சாப்பிட்டவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது, ஒருத்தி கூடவா வேணாம்னு போடல? நா போடலன்னாலும் வேற யாராச்சும் போடுவாங்கன்னு நெனச்சேன்க்கா."

அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன்.

"நானுந்தான்டி அப்படி நெனச்சேன்" என்றேன்.